மேஜர் படுத்திருக்கும் வாசல்

1.

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. பதில் என்னிடம் இல்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு சங்க மண்டபம். வீட்டு உழைப்பைப் பற்றிய கூட்டம். சமைக்கும் கையும் உழைக்கும் கையே. துவைக்கும் கையும் உழைக்கும் கையே. நோயாளியின் படுக்கையை மாற்றும் கை, பாலம் கட்டும் கைக்கு எள்ளளவும் தாழ்ந்ததன்று என்று நான் முழங்கினேன். கைதட்டினார்கள். கேள்வி நேரம் வந்தது. நடு வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். பச்சை நிறச் சட்டை, கழுத்தில் சிறு சிலுவை, ஒலிவாங்கியைப் பிடித்த விதத்திலேயே ஓர் அதட்டல்.

"ஐயா, நாயைக் குளிப்பாட்டுறது இதுல சேருமா, சேராதா?"

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"வயசான நாய்ங்க. தோல் வியாதி. மருந்து போட்டு நாந்தான் குளிப்பாட்டுறேன். வெளியில சொன்னா வீட்டுல வெக்கப்படுறாங்க. நான் ஏன் வெக்கப்படணும்? அதைத்தான் கேக்குறேன்."

எல்லா உயிரும் ஒன்று என்று தொடங்கி ஏதோ சொன்னேன். அது பதிலன்று என்பது அவர் அமர்ந்த விதத்திலேயே தெரிந்தது. கூட்டம் கலைந்தபின் கடல் கடந்து தீவுக்குத் திரும்பும் ஃபெரிப் படகில் அவர் அருகில் போய் நின்று, நடந்ததைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"எதுக்கு மாத்துறீங்க? நான் என்ன திருடிட்டா வந்தேன்? சிந்தியான்னே போடுங்க. நாய் பேரு மேஜர். அதையும் மாத்தாதீங்க."

2.

தொடக்கம் ஒன்று:

ஜெலுத்தோங்கின் ஒரு சந்தில், கேட்பாரற்றுக் கிடந்தது பரிதாபத்துக்குரிய ஒரு கிழட்டு—

[இத்துடன் நிறுத்தினேன். வரைவை அவர் வீட்டுக்கே எடுத்துப் போய்ப் படித்துக் காட்டியபோது சிந்தியா சொன்னது: "கேட்பாரற்றா? அப்ப நான் யாரு?"]

தொடக்கம் இரண்டு:

அன்றிரவு மதில் ஏறிக் குதித்தான் திருடன். பாய்ந்தது மேஜர்! இளமையின் வேகம், கண்களில் கனல்—

["திருடன் வந்தது உண்மைதாங்க. வாசல்ல இருந்த ஷூவையெல்லாம் அள்ளிட்டுப் போனான். மேஜர் வாலை ஆட்டிக்கிட்டே கேட்டு வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தான். எதிர் வீட்டுக் கேமராவுல எல்லாரும் பார்த்தோம் லா."]

தொடக்கம் மூன்று:

மேஜர் என்பது நாயன்று. மேஜர், இந்தச் சமூகம் தொட மறுத்து ஒதுக்கிவைத்த கோடானுகோடி—

இதில் எனக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிப் பழகிய நாக்கு, ஒதுக்கப்பட்ட ஓர் உடலைக் கண்டதும் தானாகவே சுழலும். சிந்தியா பொறுமையாக முழுவதும் கேட்டார். பிறகு, மருந்து பூசிய கையைத் துடைத்தபடி, "மேஜர் நாய்தாங்க" என்றார்.

ஆகவே, வாசகரே, உவமையை எதிர்பார்த்து உள்ளே வந்திருந்தால் இப்போதே வெளியேறலாம். இது நாயைப் பற்றிய கதை.*

* நாயை 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். இது சிந்தியாவின் வழக்கம். அவருடைய அண்ணன் வின்சென்ட் 'அது' என்பார். இரண்டையும் திருத்தவில்லை.

3.

சிந்தியா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். (கதைக்குள் வந்துவிட்டதால் 'அவள்'. மண்டபத்தில் அவர் 'அவர்'தான்.) கணவர் இறந்துவிட்டார். மகள் கிறிஸ்டல். பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களுக்கு நடுவே மேஜரைக் குட்டியாக ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவளேதான். கிறிஸ்டல் வளர்ந்து வேலைக்குப் போனாள். மேஜர் வளர்ந்து, முதிர்ந்து, இப்போது பதினான்கு வயதில் வாசலில் படுத்திருக்கிறான்.

முதலில் வயிற்றில் முடி உதிர்ந்தது. பிறகு முதுகில். பிறகு வால், எலியின் வாலைப் போலாயிற்று. தோல் தடித்துக் கறுத்து யானைத் தோலாய் மாறியது. காது மடலிலும் அக்குளிலும் புளித்த மாவின் வாடை. அவன் சொறியும் ஓசை நடு அறை வரைக்கும் கேட்கும். சொறிந்து சொறிந்து, பின்னங்கால் தளர்ந்து, சொறிய முடியாமல் அண்ணாந்து பார்ப்பான். அப்போது சிந்தியா எழுந்து போய் அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

கிளினிக்கில் இருந்த சீனப் பெண் மருத்துவர் தோலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இரத்தம் எடுத்தார். சொறிப்பூச்சி இல்லை, மனிதருக்கு ஒட்டாது. முதுமையில் சுரப்பி ஒன்று தளர்ந்துவிட்டது, அதனால் தோல் காவல் இழந்தது, காவல் இழந்த தோலில் பூஞ்சை குடியேறியது என்றார். மாத்திரை தந்தார். மருந்து ஷாம்பு தந்தார். நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட வேண்டும், அவசரப்பட்டுக் கழுவினால் பயனில்லை என்று இருமுறை சொன்னார்.

ஈரக் கையால் கைப்பேசியைப் பார்க்க முடியாது. சிந்தியா செபமாலையின் பத்து மணிகளை வாய்க்குள் சொல்லத் தொடங்கினாள். மூன்று பத்து முடிந்தால் நுரை தன் வேலையை முடித்திருக்கும். முதல் பத்தில் கால்விரல் இடுக்கு. இரண்டாவதில் அக்குளும் கழுத்து மடிப்பும். மூன்றாவதில் மேஜர் நடுங்கத் தொடங்குவான், அப்போது கை வேலையை நிறுத்தி அவன் நெற்றியில் மட்டும் இருக்கும்.

[சமயச் சடங்குகளைச் சாடியே பேர் வாங்கியவன் நான். இந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அவர் மேஜருக்காக வேண்டிக்கொள்கிறாரா என்று கேட்டேன். "இல்லங்க, டைம் பார்க்குறேன்" என்றார்.]

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வேறொரு யோசனை சொன்னாள். அவள் வீட்டுப் பின்புறம் வேப்பமரம் உண்டு.

"அக்கா, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணியை வெயில்ல வச்சிடுங்க. கடைசியா அதை ஊத்துங்க. அரிப்பு அடங்கும்."

சிந்தியா மருத்துவரிடம் கேட்டாள். நக்கிக் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி என்றார் அவர். அதிலிருந்து ஒவ்வொரு குளியலுக்கும் புஷ்பவள்ளி ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவருவாள். சிந்தியா ஒரு வாளி மஞ்சள் நீரை வெயிலில் வைப்பாள். மேஜர் குளித்து முடித்து, யானைத் தோலில் மஞ்சள் பூசியவனாய், தன் பாயில் போய் விழுவான்.

சில மாதங்களில் முதுகின் நடுவில் பூனைமுடி போல ஏதோ தென்பட்டது. சிந்தியா வீதியில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். தொழிற்சாலையில் அவளுக்கு விருது கொடுத்தபோது கூட அவள் இப்படி யாரையும் கூப்பிட்டதில்லையாம்.

4.

இக்கதையில் வில்லன் தேவை என்று நினைத்து வின்சென்ட்டை அமர்த்தினேன். வரைவில் அவருக்குத் தடித்த மீசை வைத்தேன். குரலில் ஆணவம் வைத்தேன்.

["அண்ணனுக்கு மீசையே கிடையாது. அவர் நல்லவர்ங்க. என் வீட்டுக்காரர் போனப்போ எல்லாத்தையும் பார்த்தவர் அவர்தான். நல்லவரா இருக்கிறதுனாலதான் அவர்கிட்ட சண்டை போடவே முடியல."]

மீசையை எடுத்துவிட்டேன்.

கிறிஸ்டலுக்கு உடன் வேலை செய்யும் புவனேஸ்வரனைப் பிடித்திருந்தது. அவன் இந்து, இவள் கத்தோலிக்கப் பெண். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அவன் பெற்றோர் அய்யாக்கண்ணுவும் மோகனாவும் நெடுநாள் யோசித்து, வருவோர்க்கெல்லாம் விருந்து வைக்கும் கிறிஸ்மஸ் 'திறந்த இல்ல'த்துக்கு வந்து குடும்பத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருகையில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கியது. அதற்கு முந்தின வாரம் வின்சென்ட் வந்தார். மேஜரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கோவப்படாத. ஊசி போட்டு அனுப்பிடு லா. பாவம் அது."

"டாக்டரைக் கேட்டேண்ணே. சாப்பிடுறான், வாலாட்டுறான், என்னைத் தேடுறான். நேரம் வந்தா நானே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க."

"டாக்டருக்கென்ன, பொண்ணு கட்டிக் கொடுக்கிறது நாம. வர்றவங்க முத முதல்ல எதைப் பார்ப்பாங்க? இதைத்தான். சுத்தமில்லாத வீடும்பாங்க."

"இந்தத் தெருவுலயே ரொம்பக் குளிக்கிறது மேஜர்தாண்ணே. நீங்க காலையில குளிச்சீங்களா?"

வின்சென்ட் சிரித்துவிட்டார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அப்போது கிறிஸ்டல் அறைக்குள்ளிருந்து மெல்ல வந்து நின்றாள்.

"மா, ஊசியெல்லாம் வேணாம். அன்னிக்கு மட்டும் பின்னால கட்டிடலாமே மா. ரெண்டு மணி நேரம். ப்ளீஸ் மா."

சிந்தியாவுக்கு அண்ணனின் ஊசி வலிக்கவில்லை. மகளின் இரண்டு மணி நேரம்தான் வலித்தது. பின்புறம் சிமெண்டுத் தரை. அங்கே கட்டினால் அவன் முழங்கை மறுபடி புண்ணாகும். ஆனால் அவளைச் சுட்டது அதுவுமன்று. ஒளித்து வைக்கும் பொருளை யாரும் பெருமையாகச் செய்வதில்லை. இத்தனை நாள் செய்த வேலை, வெட்கப்பட வேண்டிய வேலை என்று அவளுடைய வீடே சொல்லிவிடுமோ என்பதுதான் அவளைச் சுட்டது.

"அவன் இடம் வாசல். அங்கதான் இருப்பான்" என்றாள்.

[இங்கே, தொழுவத்தில் பிறந்தவரைக் கும்பிடும் வீட்டில் ஒரு விலங்குக்கு இடமில்லையா என்று சிந்தியா கேட்பதாக எழுதினேன். மேடையில் இது எடுபடும். "அப்படியெல்லாம் நான் கேக்கலீங்க. அண்ணன் கிறிஸ்மஸ் குடிலை மேஜர் பாய்க்கு அந்தப் பக்கம் தள்ளி வச்சாரு. நான் திருப்பி இந்தப் பக்கம் வச்சேன். அவ்ளோதான்." அடித்துவிட்டேன். ஆனாலும், வாசகரே, நல்ல வரிதான்.]

5.

கிறிஸ்மஸ் காலை. எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். அன்று மேஜரின் குளியல் நாள். திருநாளென்று அரிப்பு விடுமுறை எடுப்பதில்லை. விருந்தினர் போனதும் குளிப்பாட்டலாம் என்று சிந்தியா புறப்படும்போதே வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கலந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். புஷ்பவள்ளி வந்து பார்த்தாள்; கேட் பூட்டியிருந்தது. திருநாளுக்கென்று வழக்கத்தைவிடப் பெரிய கட்டாக ஒடித்து வந்த வேப்பிலையைக் கேட்டின் இரு பக்கக் கம்பிகளிலும் பிரித்துக் கட்டிவிட்டுப் போனாள்.

பூசை முடிந்து வந்த அவசரத்தில் கேட்டிலிருந்த இலையை யாரும் பொருட்படுத்தவில்லை. வின்சென்ட் தம் காரை ஓட்டி வந்தார். எப்போதும் தெருவில் நிறுத்துபவர், அன்று கேட்டைத் திறந்து உள்ளே விட்டார். முன்வாசல் முழுவதையும் அடைத்து, மேஜரின் பாய்க்கு ஒரு முழம் முன்னால் வரை கொண்டுவந்து நிறுத்தினார். வழியில் இருந்த மஞ்சள் தண்ணீர் வாளியைத் தூக்கிக் கேட்டின் ஓரம், வெயிலில் வைத்தார்.

"வெயில்ல கார் சூடாகுது லா" என்றார், யாரும் கேட்காமலேயே.

இப்போது தெருவில் நிற்பவருக்கு நாய் தெரியாது. சிந்தியாவுக்குப் புரிந்தது. கோழிக்கறி அடுப்பில் இருந்தது; கையில் கேக்குப் பெட்டி இருந்தது; மகள் கண்ணாடி முன் நின்றிருந்தாள். அவள் அடுப்படிக்குப் போனாள். பேசத் தெரிந்தவள் பேசாதிருந்த ஒரே நேரம் இதுதான்.

6.

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பெற்றோரைக் கேட்டருகே விட்டுவிட்டு, புவனேஸ்வரன் வண்டியை நிறுத்த இடம் தேடித் தெருக்கோடிக்குப் போனான். மோகனா பட்டுச் சேலையில் இறங்கினாள்; அய்யாக்கண்ணு பழக்கூடையுடன் இறங்கினார்.

கேட்டில் இரு புறமும் வேப்பிலை. உள்ளே வெயிலில் ஒரு வாளி மஞ்சள் நீர். வாசலை மறைத்து ஒரு கார். ஒரு குரலும் இல்லை.

தமிழர் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதற்கு ஒரே பொருள்தான். வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. இன்று தலைக்கு ஊற்றப் போகிறார்கள். மோகனா சட்டென்று செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலுடன் தாரில் நின்று கைகூப்பினாள்.

"அம்மா வந்திருக்கா. திரும்புங்க" என்றாள் கணவரிடம், தாழ்ந்த குரலில். "போயிட்டு வர்றோம்னு சொல்லிடாதீங்க."

வின்சென்ட் ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"அண்ணே, கூப்பிடாதீங்க. இந்த மாதிரி நேரத்துல கூப்பிடக் கூடாது."

"எந்த மாதிரி நேரம்?" வின்சென்ட் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "ஐயோ, இதுவா? இது அலங்காரங்க! கிறிஸ்மஸ் அலங்காரம்!"

"வேப்பிலையிலயா?" என்றார் அய்யாக்கண்ணு.

"ஆமாங்க. இப்பல்லாம்... எல்லாரும் இப்படித்தான் லா கட்டுறாங்க."

"அப்ப அந்த மஞ்சத் தண்ணி?"

வின்சென்ட்டிடம் அதற்கு அலங்காரம் இல்லை.

சத்தம் கேட்டுச் சிந்தியா கரண்டியுடன் வெளியே வந்தாள். கூப்பிய கை, வெறுங்கால், வேப்பிலை, அண்ணனின் வேர்வை. ஒரே பார்வையில் எல்லாம் விளங்கியது. பொய் ஒன்று எளிதாகக் கிடைத்தது: பக்கத்து வீட்டுக்காரி தெரியாமல் கட்டிவிட்டாள் என்றால் போதும், வேப்பிலையை அவிழ்த்து, வாளியைக் கவிழ்த்து, அனைவரும் உள்ளே போய்க் கோழிக்கறி சாப்பிடலாம். கார் அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் மேஜர் படுத்திருப்பான். பின்னால் வந்து நின்ற கிறிஸ்டலின் மூச்சு அவள் தோளில் பட்டது.

"அண்ணே, காடியை வெளிய எடுங்க."

"இப்பவா, தங்கச்சி?"

"இப்பத்தான்."

[என் முதல் வரைவில் இந்த இடத்தில் சிந்தியா ஒன்றரைப் பக்கம் பேசினாள். மறைப்பதே அழுக்கு என்றாள். முதுமை குற்றமா என்றாள். நோயுற்ற உடலைத் தொடும் கையைவிட— "அவ்ளோ நேரம் நான் பேசியிருந்தா அந்தம்மா கால் வெந்திருக்கும்" என்றார் சிந்தியா. ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன்.]

வின்சென்ட் தங்கையின் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்தார். கார் பின்னோக்கி மெல்ல நகர்ந்தது. முதலில் பாயின் ஓரம் தெரிந்தது. பிறகு முடியற்ற வால். பிறகு மஞ்சள் ஏறிய, கறுத்துத் தடித்த முதுகு, அதன் நடுவே கையகலத்துக்குப் புதிதாய் முளைத்த பழுப்பு முடி. பிறகு மடிந்த காதுகள். கடைசியில் பால் படர்ந்த இரு கண்கள், வெளிச்சம் திடீரென்று வந்த திசையைத் தேடின. மேஜர் எழுந்திருக்கவில்லை. விருந்தினரைப் பார்த்து இருமுறை வாலைத் தரையில் தட்டினான்.

"யாருக்கும் அம்மை இல்லீங்க" என்றாள் சிந்தியா. "இவன் மேஜர். பதினாலு வயசு. தோல் வியாதி. வேப்பிலையும் தண்ணியும் இவனுக்குத்தான்."

மோகனா கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை. நாயையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒட்டுமா?"

"ஒட்டாது. டாக்டர் சொல்லியாச்சு."

"குளிப்பாட்டுறது யாரு?"

சிந்தியா கரண்டியை மறு கைக்கு மாற்றினாள். தொழிற்சாலையில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பதைப் போல முதுகை நிமிர்த்தினாள்.

"நாந்தான்."

மண்டபத்தில் நான் தேடிய பதில் இந்த ஒரு சொல். ஒரு மணி நேரம் நான் முழங்கிச் சொன்னதை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அதில் இரக்கம் இல்லை, தியாகம் இல்லை, மன்னிப்புக் கோரல் அறவே இல்லை. செய்தவள், செய்ததைச் சொன்னாள்.

7.

இனி முடிவு.

முடிவு அ: மோகனா குனிந்து மேஜரின் நெற்றியைத் தொடுகிறாள். கிறிஸ்டல் அழுகிறாள். வின்சென்ட் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அனைவரும் உள்ளே—

அழகாகத்தான் இருக்கிறது. மோகனாவை ஒரே தொடலில் தெய்வமாக்கிவிடுவதால் நம்ப முடியவில்லை. பட்டுச் சேலையோடு, அறியாத வீட்டில், அறியாத நாயைத் தொட வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

முடிவு ஆ: அவர்கள் போய்விடுகிறார்கள். சிந்தியா மகளின் கண்ணீரைத் தாண்டி வாளியைத் தூக்குகிறாள். செபமாலையின் முதல் பத்து தொடங்குகிறது—

இதை எழுத என் கை துடித்தது. இழப்பில் நிமிர்ந்து நிற்கும் பெண் என்றால் மேடையே எழுந்து நிற்கும். ஆனால் அம்மை வீடென்று நினைத்ததும் செருப்பைக் கழற்றி வெயிலில் நின்றவளைக் கொடியவள் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சிந்தியாவையே கேட்டேன். அவர் வீட்டு வாசலில், மேஜரின் பாய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டேன். பிறகு என்ன நடந்தது? வந்தார்களா? கல்யாணம் நடந்ததா?

அவர் மேஜரின் காதைத் திருப்பி உள்ளே பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்:

"கல்யாணம் நடந்துச்சுன்னாத்தான் நான் செஞ்சது சரின்னு எழுதுவீங்களா?"

"இல்லைம்மா, அப்படி இல்லை..."

"நடக்கலைன்னா தப்புன்னு எழுதுவீங்களா?"

"இல்லை."

"அப்ப எதுக்குங்க அது உங்களுக்கு?"

மறு காதைத் துடைக்கத் தொடங்கினார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டுக்குள்ளே யார் யாரோ பேசிச் சிரிக்கும் குரல்கள் கேட்டன, எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதிவிடுவேன்.

எனவே, வாசகரே, இந்த முடிவை என்னால் தர இயலாது; தரவும் மாட்டேன். மோகனா இன்னும் கேட்டுக்கு வெளியே வெறுங்காலில் நிற்கிறாள். அவளை உள்ளே அழைத்து வாருங்கள். அல்லது திரும்பிப் போகச் செய்யுங்கள். கிறிஸ்டலை அழவையுங்கள், சிரிக்கவையுங்கள், அம்மாவின் பக்கத்தில் போய் நிற்கவையுங்கள். எல்லா உரிமையும் உங்களுக்கு. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வின்சென்ட்டின் கையில் இருக்கும் அந்தச் சாவியை வாங்கி, காரை மறுபடியும் உள்ளே விடாதீர்கள்.